முனியாண்டியைத் திட்டும் உரிமை

மலேசியாவின் லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டியவர் என் அத்தை. லயத்துக்குப் பின்னால் மரத்தடியில் மூன்று கல், ஒரு சூலம், அதன் முனையில் காய்ந்துபோன எலுமிச்சம்பழம். அதுதான் முனியாண்டி. விடியற்காலை பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்குப் போகிற வழியில் அத்தை அங்கே நின்று பேசிவிட்டுத்தான் போவார். மழை விடாமல் பெய்து வெட்டு நின்ற மாதங்களில் பேச்சு சூடாகும். "ஐயா முனியாண்டி, ஒனக்குக் கண்ணு தெரியலையா? இந்த மாசம் வெளக்கு கெடையாது, போ." சம்பளம் கைக்கு வந்ததும் சமாதானம். சுருட்டைப் பற்றவைத்துக் கல்லின்மேல் வைப்பார். அது முழுவதும் சாம்பலாகும்வரை பக்கத்திலேயே குந்தியிருப்பார்.

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. தண்டலிடமோ துரையிடமோ குரலை உயர்த்த முடியாத ஒரு பெண், அந்தத் தோட்டத்திலேயே அதிக பலம் உள்ளவரென்று தான் நம்பியவரிடம் கணக்குக் கேட்டார். கேட்கிற உரிமை தனக்கு உண்டென்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. நம் மரபில் இது புதிதுமல்ல. தம்பிரான் தோழரான சுந்தரர் கண்ணிழந்து நின்றபோது சிவனோடு சண்டைதான் போட்டார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண். அத்தைக்கு இந்தக் கதை தெரியாது. ஆனால் அந்தத் தோழமை தெரியும்.

இப்படியொரு தோழமை எல்லா மண்ணிலும் அறுபடாமல் தொடர்ந்ததில்லை. ஐஸ்லாந்தில் 1972-ல் ஒரு சிறு குழு பழைய நார்ஸ் தெய்வங்களை மீண்டும் வணங்கத் தொடங்கி, மறு ஆண்டே அரசின் அங்கீகாரமும் பெற்றது. பல நூற்றாண்டுகளுக்குமுன் அறுந்துபோன உறவை அவர்கள் பழைய ஏடுகளைப் படித்து முடிச்சுப் போட வேண்டியிருந்தது. நமக்கு அந்தத் தேவை இல்லை. சஞ்சிக்கூலியாகக் கப்பலேறியவர்களோடு முனியும் மதுரை வீரனும் காளியும் வந்து தோட்ட எல்லையிலும் தண்டவாள ஓரத்திலும் நின்றுகொண்டார்கள். சிங்கப்பூர் குவீன்ஸ்டவுன் முனீஸ்வரன் கோயில் 1932-ல் ரயில்வேத் தொழிலாளர்கள் எழுப்பியது. அத்தெய்வம் புலம்பெயர் மண்ணில் எடுத்த புது வாழ்வைப் பற்றி வினீதா சின்ஹா 2005-ல் ஒரு நூலே எழுதினார்.

இவ்வளவு நெருக்கமான உறவு கெட்டுப்போவது இடையில் ஒருவர் நுழையும்போது. என் சித்தப்பா மகனுக்குக் காய்ச்சல் கண்டது. சாமி பார்க்கிறவர் எலுமிச்சம்பழத்தை அறுத்து உருட்டிப் பார்த்து, "முனி கோவமா இருக்காரு" என்றார். கறுப்புச் சேவல், ஒரு போத்தல் ஸ்டவுட், முந்நூறு வெள்ளி. நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டிங்கி என்றார்கள். பையன் பிழைத்தான். அந்த மூன்று நாட்களை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. அத்தை பேசிய முனியாண்டி கோபித்துக்கொள்வார், ஆனால் பிள்ளையின் உயிரைப் பணயம் வைக்கமாட்டார். வாக்குச் சொல்கிறவரின் முனியாண்டிக்கோ அச்சமும் கட்டணமும்தான் மொழி. படையல் போத்தலும் அப்படியே. சாமிக்கு வைத்தது என்ற பேரில் குடித்தவர்கள் எங்கள் லயத்தில் நிறையப் பேர். அதற்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள் வீட்டுப் பெண்கள்.

ஆகவே சீர்திருத்தம் வேண்டும் என்கிறவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் செய்கிற விதத்தில் எனக்கு வருத்தம். உயிர்ப்பலியைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு 2003-ல் திடீரென்று தூசிதட்டி அமல்படுத்தியது. எதிர்ப்பு வலுக்கவே மறு ஆண்டு கைவிட்டது. இங்கே மலேசியாவில் சட்டம் தேவைப்படவில்லை. மரத்தடிக் கல் சிமெண்டுக் கோயிலாகிறது, கும்பாபிஷேகம் நடக்கிறது, முனியாண்டி முனீஸ்வரராகிறார், அர்ச்சகர் வருகிறார், கம்பிக் கதவுக்குப் பூட்டு வருகிறது. சேவலும் சாராயமும் போவது நல்லதுதான். அவற்றோடு சேர்த்து, கிட்டே போய்த் திட்டுகிற உரிமையையும் வெளியே தள்ளிவிடுகிறோம். வாக்குக்காரரிடமிருந்து பிடுங்கிய இடத்தை அர்ச்சகரிடம் கொடுத்தால் அத்தைக்கு என்ன லாபம்?

இந்த உறவின் இன்னொரு பலவீனம் மண்ணோடு கட்டுண்டது. தோட்டக் கோயில்கள் பல நிறுவனத்தின் நிலத்தில், பட்டா இல்லாமல் நின்றவை. தோட்டம் கைமாறி, லயம் காலியானால் எல்லைச் சாமிக்கு எல்லையே இல்லாமல் போகிறது. 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூர் வீதிகளில் ஆயிரக்கணக்கான இந்தியர்கள் திரண்டதற்கு இருந்த காரணங்களில், இடிக்கப்பட்ட கோயில்களின் வலியும் ஒன்று.

எங்கள் தோட்டம் விற்கப்பட்டபோது அத்தை யாரையும் கேட்கவில்லை. சூலத்தடியில் பிடிமண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து, லாபிஸ் தாமான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். இப்போது அது வாசலில், துளசிச் செடிக்குப் பக்கத்தில், ஒரு செங்கல்லின் அடியில் இருக்கிறது. பேரனுக்கு வேலை கிடைக்காமல் எட்டு மாதம். போன முறை நான் போயிருந்தபோது செங்கல்மேல் சாம்பல் இல்லை. சுருட்டு எங்கே அத்தை என்று கேட்டேன்.

"மொதல்ல அவரு குடுக்கட்டும்" என்றார்.