பெற்றோர் வயதும் ஆட்டிசமும்: 5.75 என்னும் எண்ணை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

மதியிறுக்கம் எனத் தமிழில் வழங்கப்பெறும் ஆட்டிசத்தின் காரணங்களைத் தேடிய ஆய்வு வரலாறு, பெற்றோர்மீது பழி சுமத்திய வரலாறாகவும் இருந்துள்ளது. தாயின் அன்பின்மையே ஆட்டிசத்திற்குக் காரணம் என்ற கருத்தைப் புருனோ பெட்டல்ஹெய்ம் 1967இல் வெளியிட்ட நூல் பரவலாக்கியது. அக்கருத்து பின்னர் மறுக்கப்பட்டுக் கைவிடப்பட்டது. இன்று அவ்விடத்தில் பெற்றோரின் வயது வைக்கப்படுகிறது. வயதிற்கும் ஆட்டிசத்திற்கும் தொடர்புண்டு என்பதற்குச் சான்றுகள் வலுவாகவே உள்ளன. அச்சான்றுகள் வாசிக்கப்படும் முறையே மறுபரிசீலனைக்குரியது என்பதை இக்கட்டுரை முன்வைக்கிறது.

மடங்கும் அடிப்படை வீதமும்

ஆபிரகாம் ரெய்க்கென்பெர்க் குழுவினர் இஸ்ரேலியப் படைச்சேர்ப்புப் பதிவுகளைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. தந்தையின் வயது 30க்குக் குறைவாக இருந்தோரைவிட, 40ம் அதற்கு மேலும் இருந்தோருக்கு ஆட்டிசம் காணப்படும் வாய்ப்பு 5.75 மடங்கு என அது கூறியது. இவ்வெண்ணே பெரிதும் எடுத்தாளப்படுகிறது. ஆனால், ஆராயப்பட்ட ஏறத்தாழ 1,32,000 பேருள் ஆட்டிச நிறமாலைக்குள் அடங்கியோர் 110 பேர் மட்டுமே. அதாவது 10,000க்கு 8 பேர். அவர்களை வயதுப் பிரிவுகளாகப் பகுத்தமையால் நம்பிக்கை இடைவெளி 2.65 முதல் 12.46 வரை விரிந்தது. மடங்கை மட்டும் எடுத்துக்கொண்டு இவ்விரிவை விட்டுவிடுவது சான்றைக் குறைத்துக் காட்டுவதாகும்.

ஸ்வென் சாண்டின் குழுவினர் 2016இல் ஐந்து நாடுகளைச் சேர்ந்த 57 இலட்சம் குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்தனர். பெற்றோர் இருபதுகளில் இருந்த நிலையோடு ஒப்பிடுகையில், தந்தையர் நாற்பதுகளில் இருப்பின் 28%, ஐம்பதைக் கடந்திருப்பின் 66%, தாயர் நாற்பதுகளில் இருப்பின் 15% உயர்வு காணப்பட்டது. 100க்கு 1 என்பதை அடிப்படை வீதமாகக் கொண்டால், 28% உயர்வு என்பது 100க்கு 1.28 ஆகும். அவ்வயதுத் தந்தையரின் குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர்க்கு ஆட்டிசம் இல்லை என்பதே இதன் பொருள்.

தொடர்பும் காரணமும்

தந்தையின் வயது ஓராண்டு கூடுந்தோறும் குழந்தையிடம் ஏறத்தாழ இரண்டு புதிய மரபணுப் பிறழ்வுகள் மிகுகின்றன என்பதை 2012இல் ஐஸ்லாந்துக் குடும்பங்களை ஆராய்ந்த ஆய்வு நிறுவியது. இதனையே முழு விளக்கமாகக் கொள்ள இயலாது. சாண்டின் குழுவினரின் ஆய்விலேயே பதின்பருவத் தாயரின் குழந்தைகளிடமும் 18% உயர்வு பதிவாகியுள்ளது. முதுமையால் பெருகும் பிறழ்வுகள் இதனை விளக்கா. மேலும், ஜேக்கப் கிராட்டன் குழுவினர் 2016இல், இத்தொடர்பின் பெரும்பகுதிக்குப் புதிய பிறழ்வுகள் காரணமாகா என்று வாதிட்டனர். மரபுவழி இயல்புகளே சிலரைத் தாமதமாகத் தந்தையாகச் செய்வதும் அவ்வியல்புகள் குழந்தைக்குக் கடத்தப்படுவதும் அவர்கள் தரும் மாற்று விளக்கம். இவ்விளக்கம் ஏற்கப்படின், தாமதம் காரணமன்று. காரணத்தின் மற்றொரு விளைவு.

முடிவுரை

மக்கள்தொகை அளவில் பெறப்பட்ட வீதம், ஒரு தனிக் குழந்தையின் நிலைக்கு விடையாகாது. ‘வாய்ப்பு’ என்ற சொல்லின் இடத்தில் ‘காரணம்’ என்ற சொல்லைப் பெய்யும் கட்டுரையாளர், தாம் அறியாமலே பழைய பழியைப் புதுப்பிக்கிறார். தமிழில் இத்துறை குறித்து எழுதுவோர் மடங்கோடு அடிப்படை வீதத்தையும் நம்பிக்கை இடைவெளியையும் உடன் தருதல் வேண்டும். அது புள்ளியியல் நெறி மட்டுமன்று. குழந்தையின் நிலைக்குத் தம் வயதே காரணமோ என வருந்தும் பெற்றோர்க்கு ஆய்வாளர் ஆற்ற வேண்டிய கடமையுமாகும்.