ஒருமுறை இழப்பீடு போதாது

பாகான் டாலாம் வீடுகளில் எரியும் விளக்கு பக்கத்துப் பிறை எரிவாயு மின்நிலையத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. தீபகற்பம் முழுவதற்கும் ஒரே மின்கட்டமைப்பு. பேராக்கின் தெமெங்கோர் அணையும் அதில் சேர்ந்ததுதான். 1970களில் அந்த அணை எழுந்தபோது தெமியார், ஜஹாய் ஓராங் அஸ்லி மக்கள் காட்டை விட்டு மறுகுடியேற்றப் பகுதிகளுக்குப் போனார்கள். சரவாக்கில் இதையே பெரிய அளவில் பார்த்தோம். 2,400 மெகாவாட் பக்குன் அணைக்காக 1998 முதல் ஏறத்தாழ 10,000 காயான், கென்யா, பெனான் மக்கள் சுங்கை அசாப்பில் குடியேற்றப்பட்டனர். குடும்பத்துக்கு மூன்று ஏக்கர். ஆற்றங்கரையும் வேட்டைக்காடும் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட இடத்துக்கு மூன்று ஏக்கர் எப்படி ஈடாகும்?

சாலை, பள்ளி, மருந்தகம் கிடைத்ததே என்பார்கள். கிடைத்தது உண்மை, அதைச் சிறுமைப்படுத்தக் கூடாது. ஆனால் பட்டர்வொர்த்தில் வாழும் குடிமகன் நிலத்தைக் கொடுத்துப் பள்ளியை வாங்கவில்லை. அரசின் கடமையை இழப்பீட்டுக் கணக்கில் வரவு வைப்பதுதான் இந்தக் கொள்கையின் அடிப்படைப் பிழை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளானபோது சொற்பத் தொகையோடு வெளியேறிய நம் தோட்டப்புறக் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. அணையோ ஆண்டுதோறும் சம்பாதிக்கிறது. 2017இல் சரவாக் அரசு கூட்டரசிடமிருந்து பக்குனை விலை கொடுத்தே வாங்கியது. இடம் கொடுத்தவர்களுக்கு மட்டும் வருமானம் ஒரே தடவையோடு முடிந்துவிடுகிறது.

சட்டமும் இதற்குத் துணைபோகிறது. 1954ஆம் ஆண்டு பூர்வகுடியினர் சட்டம் பழமரங்களுக்கு இழப்பீடு பேசுகிறது. நிலத்துக்கான இழப்பீட்டை மாநில அரசின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது. நீதிமன்றம் அதைத் தாண்டிச் சென்றிருக்கிறது. ஜொகூரின் லிங்கியு அணையால் காட்டை இழந்த ஜக்குன் மக்கள் தொடுத்த அடோங் வழக்கில், வருங்கால வாழ்வாதார இழப்பையும் கணக்கிட்டு 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட் தீர்ப்பானது. ஆனால் ஒவ்வொரு கிராமமும் வழக்காடித்தான் பெற வேண்டுமென்றால் அது கொள்கையாகாது.

அணையின் வருமானத்தில் ஆண்டுதோறும் பங்கு கொடுப்பதே தீர்வு. அப்படிக் கொடுத்தால் மின்கட்டணம் உயரும், பணம் தலைவர்கள் கையில் கரையும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் இந்தியாவின் 2008 நீர்மின் கொள்கை, உற்பத்தியில் 1 விழுக்காட்டை உள்ளூர் வளர்ச்சி நிதிக்கு ஒதுக்கச் சொல்கிறது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குப் பத்தாண்டு காலம் மாதம் 100 யூனிட் மின்சாரமும் உண்டு. அந்த அளவு பங்கு கட்டணத்தைப் பெரிதாக உயர்த்திவிடாது. பணம் கரையாமல் காக்கத் தணிக்கை இருக்கிறது. கரையும் என்ற பயத்துக்காக உரிமையை மறுக்க முடியாது. கிளந்தானில் தெமியார் மக்களின் நிலத்தைத் தொடும் நெங்கிரி அணைத் திட்டத்திலேயே, அந்த மக்களின் சம்மதத்தோடு, ஆண்டு வருமானப் பங்கைச் சட்டமாக்க வேண்டும். மின்சாரம் பயன்படுத்தும் நாமும் நம் நாடாளுமன்ற உறுப்பினரிடம் இதைக் கேட்க வேண்டும்.