கிளாஸ்கோவின் நடனக் கிடங்கு

டான்ஸ்-பங்க் மறுமலர்ச்சியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் லீட்ஸ் நகரிலிருந்தே தொடங்குகிறார்கள். 1979இல் அந்நகரின் கேங் ஆஃப் ஃபோர் குழு வெளியிட்ட ‘எண்டர்டெயின்மென்ட்!’ ஆல்பம்தான் மூலநூல், 2000க்குப் பின் வந்தவை எல்லாம் அதன் உரைகள் என்பது அவர்கள் கணக்கு. 2004 பிப்ரவரியில் டாமினோ நிறுவனம் வெளியிட்ட ஃபிரான்ஸ் ஃபெர்டினண்ட் குழுவின் முதல் ஆல்பமும் அந்த வரிசையிலேயே வைக்கப்படுகிறது. வெட்டி வெட்டி விழும் கிட்டாரில் லீட்ஸின் சாயல் இருப்பது உண்மைதான். ஆனால் குழு பிறந்த கிளாஸ்கோவைக் கவனித்தால் இன்னொரு வம்சாவளி தெரியும்.

1980களின் தொடக்கத்திலேயே அங்கே ஆரஞ்சு ஜூஸ் குழு, பங்க் தந்த துணிச்சலோடு ஷீக் குழுவின் டிஸ்கோ கிட்டாரையும் கைக்கொண்டது. 1997 முதல் 2010 வரை சப் கிளப்பில் ஞாயிறுதோறும் ஆப்டிமோ இரவுகள் நடந்தன. டெக்னோவும் பழைய போஸ்ட்-பங்க்கும் ஒரே இரவில் அடுத்தடுத்து ஒலித்தன. ஆப்டிமோ என்ற பெயரே நியூயார்க்கின் லிக்விட் லிக்விட் குழுவினுடைய பாடலின் பெயர்தான். பங்க் கேட்பவர் ஆடமாட்டார் என்ற எண்ணம் அந்த ஊரில் எப்போதோ உடைந்துவிட்டது.

நியூயார்க்கில் நிலைமை வேறு. உரிமம் இல்லாத மதுக்கூடங்களில் நடனத்தைத் தடுத்த 1926ஆம் ஆண்டுச் சட்டம், 1990களில் மீண்டும் கடுமையாகப் பாய்ந்தது. ராப்ச்சர் குழுவின் 2002ஆம் ஆண்டுப் பாடலான ‘ஹவுஸ் ஆஃப் ஜெலஸ் லவ்வர்ஸ்’ அந்தச் சூழலில் வந்தது. அதில் கேட்கும் பதற்றமும் கூச்சலும் எனக்கு அந்த நகரத்தோடு பொருந்தியே ஒலிக்கின்றன.

கிளாஸ்கோவிலோ, ஃபிரான்ஸ் ஃபெர்டினண்ட் குழுவினர் கைவிடப்பட்ட ஒரு கிடங்கைப் பிடித்து, அதற்கு ‘ஷாட்டோ’ என்று பெயரிட்டு விருந்துகள் நடத்தினார்கள். பேஸ் வாசித்த பாப் ஹார்டி கலைக்கல்லூரி மாணவர். குழுவுக்காகத்தான் அந்தக் கருவியையே கற்றார். நிக் மெக்கார்த்தி மியூனிக்கில் இசை பயின்றவர். ஹார்டியின் பேஸில் அலங்காரம் கிடையாது. ஆல்பத்தின் பெரிய பலமாக நான் கருதுவது அதைத்தான். பால் தாம்சனின் ஹை-ஹாட் நறுக்கென்று விழும் இடத்துக்கெல்லாம் அந்த பேஸ் தரை போடுகிறது.

‘டேக் மீ அவுட்’ பாடலைக் கேளுங்கள். முதல் ஒரு நிமிடம் வழக்கமான ராக் பாடலின் ஓட்டம். பிறகு வேகம் நம் காது அறியவே படிப்படியாகக் குறைந்து, கனத்த நடைக்கு இறங்குகிறது. நடனப் பாடலின் உச்சத்தில் வேகத்தைக் கூட்டத்தான் பலருக்கும் தோன்றும், இவர்கள் குறைத்தார்கள். அந்த நிதானத்தில்தான் கால் தாளத்தைப் பிடிக்கிறது. பிரிட்டிஷ் பட்டியலில் மூன்றாம் இடம் பெற்ற பாடல் இது. ஆல்பத்துக்கு அதே ஆண்டில் மெர்க்குரி பரிசு கிடைத்தது.

‘எண்டர்டெயின்மென்ட்!’ இதைவிட ஆழமான படைப்பு; அதில் எனக்கு ஐயமில்லை. அது நம்மை ஆடவைத்துக்கொண்டே, நாம் நுகரும் இன்பத்தின் மீது கேள்வி எழுப்புகிறது. கிளாஸ்கோ குழு அந்தக் கேள்வியைத் தொடவில்லை. ‘மைக்கேல்’ பாடலில் நடனக்கூடத்தில் ஓர் ஆண் இன்னோர் ஆணிடம் கொள்ளும் வேட்கையை, எந்த விளக்கமும் தராமல், கொண்டாட்டமாகவே பாடுகிறது. அந்தக் களிப்பு ஆரஞ்சு ஜூஸின் ஊரிலிருந்து வந்தது.