பூணூலும் சிலுவையும்

மண்ணுக்கேற்ற மதம் வேண்டும் என்பர். சென்ற நாட்டின் மொழியைப் பேசி, உடையை உடுத்தி, உணவை உண்டு, அந்நாட்டார் நெஞ்சில் இடம்பெற்ற பின்னரே திருச்சபையை நாட்டவேண்டும் என்பது மறைபரப்புவோர் பலர் போற்றும் முறை. கேட்க இனிய கொள்கை! அயலார் தம் ஆணவத்தைக் களைந்து நம் வாயிற்படியில் நிற்கும் பணிவு அதில் உண்டு, மறுப்பாரில்லை. ஆனால் நண்பர்களே, நாட்டின் பண்பாடு என்று அவர்கள் கண்டது எதனை? யாரைக் கேட்டுக் கண்டனர்?

இக்கேள்விக்கு விடை தேட மதுரையினும் தக்க இடம் வேறில்லை.

1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்தார் இத்தாலிய ஏசுசபைத் துறவி இராபர்ட் தெ நோபிலி. அவருக்கு முன்னரே அங்கிருந்த பாதிரியார் பெர்னாண்டஸ், பரவர்குலக் கிறித்தவர்க்குத் தொண்டாற்றி வந்தார். நகரத்து மேற்சாதியாரோ அம்மதத்தைப் 'பரங்கி மார்க்கம்' என்று இகழ்ந்து ஒதுக்கினர். நோபிலி என் செய்தார்? இகழ்ச்சியின் வேரை ஆராய்ந்தாரா? இல்லை, இகழ்ச்சிக்கு ஆளாகாத இடத்திற்குத் தாம் நகர்ந்துகொண்டார். காவியுடுத்தார், புலாலை விலக்கினார், பார்ப்பனரைச் சமையலுக்கு அமர்த்தினார், பெர்னாண்டசை விட்டு விலகித் தனியில்லம் அமைத்தார். தாம் பரங்கியல்லர், உரோமாபுரியில் உயர்குடிப் பிறந்தவர் என்று ஓலையெழுதி வீட்டு வாயிலில் அறிவித்தார். மதம் மாறியவர் பூணூலும் குடுமியும் தரிக்கலாம் என்றார். அவையெல்லாம் குலவழக்கம், சமயத்தைச் சேர்ந்தவையல்ல என்பது அவர் வாதம். எதிர்ப்பு எழுந்தது. 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி, பூணூல் முதலியவற்றுக்கு இசைவு தந்தார்.

அவர் புலமையை நாம் குறைத்துரையோம். தமிழ் உரைநடை வளர்ந்த வரலாற்றில் அவருக்கு இடமுண்டு. ஆயினும் அவர் நூற்பெயர்களைப் பாருங்கள்: 'ஆத்தும நிர்ணயம்', 'தூஷணத் திக்காரம்'! தமிழுக்கு வந்தவர், அதன் மேல்மாடியில் ஒலித்த வடமொழியையே வாரி அணைத்தார். உடையில் எவர் சாயலோ, நடையிலும் அவர் சாயலே.

'குலவழக்கம்' என்ற அந்த ஒரு சொல் விளைத்த விளைவு என்ன? மேற்சாதியாரிடம் செல்ல ஒருவகைக் குருமார்; ஏனையோரிடம் செல்லப் 'பண்டாரசாமிகள்' என 1640இல் தொடங்கிய வேறொரு வகையார்! ஒரே மதம், ஒரே வேதம், குருமாரோ இருவகை! தாழ்த்தப்பட்டவர் நோயுற்றுக் கிடந்தால் துறவிக்கோலக் குருமார் அவர் குடிசைக்குள் நுழைவதில்லை என்ற குற்றச்சாட்டு உரோம் வரை சென்றது. நுழைந்தே தீரவேண்டும் என்று போப்பின் தூதர் துர்னோன் 1704இல் ஆணையிட்டார். பிறகு நாற்பதாண்டு வழக்காடல்! 1744இல் முடிவு பிறந்தது: அம்மக்களுக்கெனத் தனிக் குருமாரை அமர்த்தும் ஏற்பாட்டிற்குப் போப் பதினான்காம் பெனடிக்ட் இசைந்தார். சாகும் மனிதனின் குடிசை வாயிலில் சாதிக்குக் கிடைத்த வெற்றி இது!

விதை அன்றையது, விளைச்சலை நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் காணலாம். அங்கே 1872இல் எழுந்த கோயிலுக்கு ஒரே பீடம், இரு கூடங்கள்; வேளாளர்க்கு ஒன்று, நாடார்க்கு மற்றொன்று; நடுவே சுவர்! 1910இல் அது இடிக்கப்பட்டபோது, சுவர் தங்கள் உரிமை என்று வேளாளர் வழக்குமன்றம் ஏறித் தோற்றனர். ஏசுவுக்காக அன்று, சுவருக்காக வழக்கு! 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கிறித்தவர் தமக்கெனத் தனிப்பங்கு கேட்டனர். மூண்ட கலவரத்தில் காவலர் சுட்டு இருவர் மாண்டனர். திருச்சபைக்குள் தீண்டாமை உண்டென்பதை 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே தன் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

அப்படியாயின், உள்ளூர்ப் பண்பாட்டைத் தழுவவே கூடாதா? கூடும். அதே மதுரையில், தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியோபிலஸ் அப்பாவு இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் வேறொரு வழி காட்டினார். சாஸ்திரிய இசையை ஒதுக்கி, நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டை அமைத்தார். ஊரார் இழிவென்றொதுக்கிய பறைக்கு வழிபாட்டில் இடம் கேட்டார். ஒரே உலையில் பொங்கிய சோற்றைச் சாதி பாராது பகிர்ந்துண்பதை வற்புறுத்தினார். அதுவும் தமிழ்ப் பண்பாடுதான். நோபிலியின் காலத்திலும் சேரியில் பறை முழங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை அவர் தழுவவில்லை. இதைத் தழுவு, இதை விடு என்று எந்தத் தெய்வமும் அவர் காதில் ஓதவில்லை, தேர்ந்தவர் அவரே.

கடவுள் எவர் என்ற வழக்கு இன்று நமக்கு வேண்டாம். பண்பாட்டைத் தழுவினோம் என்று எந்த மதம் பெருமை பேசினாலும், எந்தக் கட்சி பெருமை பேசினாலும், இளைஞர்களே, மூன்று கேள்விகள் கேளுங்கள்: யாருடைய பண்பாடு? அதனால் யார் வெளியே நிறுத்தப்பட்டார்? நின்றவர் உள்ளே வர இன்னும் எத்தனை ஆண்டு காத்திருக்கவேண்டும்? விடை வரும்வரை கேளுங்கள். விடை வராவிடில், சுவர் எங்கே நிற்கிறதென்று நீங்களே சென்று பாருங்கள்!