சைடர் வற்றும் பதம்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், நியூ இங்கிலாந்து என்று சொல்லப்படும் ஆறு மாநிலங்களில், செப்டம்பர் பிறந்ததும் தோட்டத்து வாசல்களில் ஆப்பிள் கூடைகள் வந்து உட்கார்ந்துவிடும். முதல் கூடை வீட்டுக்குள் நுழைந்த அன்றே ஆப்பிள் கிரிஸ்ப்பும் ஓவனுக்குள் போய்விடும். நறுக்கிய ஆப்பிளைப் பாத்திரத்தில் பரப்பி, ஓட்ஸ், மாவு, சர்க்கரை, வெண்ணெய் நான்கையும் பிசிறி மேலே தூவிச் சுட்டெடுக்கும் எளிய பண்டம் அது. கீழே பழம் குழைந்து கொதிக்கும், மேலே மொறுமொறுப்பு. பை செய்வதற்கு மாவு திரட்டும் கைப்பக்குவம் வேண்டும், இதற்கு வேண்டாம். அதனாலேயே கிரிஸ்ப்பை ஒரு படி கீழே வைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. பையில் மாவு ஓடு பழத்தை மறைத்துவிடுகிறது. கிரிஸ்ப்பில் பழத்துக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. ஆப்பிள் சரியில்லை என்றால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

பாட்டி காலத்துப் பண்டம் என்று எல்லோரும் சொன்னாலும், ஆப்பிள் கிரிஸ்ப் அச்சில் தலைகாட்டுவது 1924 அளவில்தான். 1896-இல் வெளிவந்த ஃபேனி ஃபார்மரின் புகழ்பெற்ற பாஸ்டன் சமையல் புத்தகத்தில் அது இல்லை. ஆக, நூறு வயதுப் பண்டம். இதற்குள் ஒரு வழக்கமான அளவு நிலைத்துவிட்டது: ஒரு கிலோ ஆப்பிளுக்கு அரைக் கப் வெண்ணெய், ஒரு கப் பழுப்புச் சர்க்கரை. அதாவது 113 கிராம் வெண்ணெயும் 200 கிராமுக்கு மேல் சர்க்கரையும். அந்த வெண்ணெயில் மட்டும் நிறைவுற்ற கொழுப்பு ஏறக்குறைய 58 கிராம். ஆறு பேர் பகிர்ந்து சாப்பிட்டாலும் தலைக்குப் பத்துக் கிராம் வருகிறது.

பாலும் வெண்ணெயும் இல்லாமல், உடம்புக்கும் இதமாக இதைச் செய்ய முடியுமா என்று கேட்டால், பெரும்பாலான சமையல் குறிப்புகள் கைகாட்டுவது தேங்காய் எண்ணெயைத்தான். வெண்ணெயை எடு, அதே அளவு தேங்காய் எண்ணெயை வை, வீகன் ஆகிவிட்டது. வீகன் ஆனது உண்மை. ஆனால் 100 கிராம் வெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 51 கிராம் என்றால், தேங்காய் எண்ணெயில் 80 கிராமுக்கு மேல். சுத்திகரிக்காத எண்ணெயாக இருந்தால் அதன் வாசம் வேறு ஆப்பிளின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். தேங்காய் எண்ணெய்க்கு உரிய சமையல் எத்தனையோ இருக்கிறது, இது அதில் ஒன்றல்ல. வெண்ணெயின் வேஷம் போட்ட மார்ஜரின் கட்டிகளும் எனக்கு உவப்பில்லை. வெண்ணெயைப் போல நடிக்கும் ஒன்றைத் தேடுகிற வரையில் இந்தப் பண்டம் உருப்படாது என்பது என் தீர்மானமான எண்ணம். வெண்ணெய் இங்கே என்ன வேலை செய்கிறது, அந்த வேலையை ஆப்பிளும் கொட்டைகளும் ஓட்ஸும் தாங்களே செய்துகொள்ள முடியுமா என்று பார்ப்பதுதான் வழி. முடியும் என்பது மட்டுமல்ல, அப்படிச் செய்யும்போது ஆப்பிளின் சுவை முன்பு கேட்காத அளவுக்குத் தெளிவாகப் பேசுகிறது.

முதலில் பழம். கடையில் வருஷம் முழுக்கக் கிடைக்கும் ஹனிகிரிஸ்ப் கடித்துச் சாப்பிட அருமையானது. மினசோட்டா பல்கலைக்கழகம் உருவாக்கி 1991-இல் வெளியிட்ட ரகம். ஆனால் வெந்தால் அதன் இனிப்பு சற்றுத் தட்டையாகிவிடுகிறது. கிரிஸ்ப்புக்கு எனக்குப் பிடித்தது நார்தர்ன் ஸ்பை. 1800-ஐ ஒட்டி நியூயார்க் மாநிலத்தின் ஈஸ்ட் புளூம்ஃபீல்டில் விதையிலிருந்து முளைத்த மரம் அது. காய்ப்பதற்கு முன்பே அந்த மூலமரம் பட்டுப்போனது. அதன் வேரிலிருந்து கிளம்பிய கன்றுகளை யாரோ பெயர்த்து நட்டதால்தான் அந்த ரகமே நமக்கு மிஞ்சியது. நட்டவன் பத்து வருஷம்கூடக் காத்திருக்க வேண்டும், அவ்வளவு தாமதமாகக் காய்க்கும் மரம். பழம் பழுப்பதும் தாமதம், அக்டோபர் கடைசியில்தான் பறிக்க வரும். மெல்லிய தோல், உள்ளே வெளிர்மஞ்சள் சதை, கடித்தால் புளிப்பு முதலில் வந்து இனிப்பு பின்னால் வரும். ஓவனில் முக்கால் மணி நேரம் இருந்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும்.

ஆனால் எல்லாத் துண்டும் நிமிர்ந்து நின்றால் கிரிஸ்ப் ஆகாது, துண்டுகளுக்கு நடுவே குழம்பு வேண்டும். அதற்குத்தான் சோளமாவு போடுகிறார்கள். சோளமாவைவிட நல்ல வழி, நாலில் ஒரு பங்கு மெக்கின்டாஷ் சேர்ப்பது. 1811-இல் கனடாவின் ஒன்டாரியோவில் ஜான் மெக்கின்டாஷ் காடு திருத்தும்போது கண்டெடுத்த கன்றின் வம்சம் இந்த ரகம். அதன் சதை இளகியது, சூடு பட்டதும் உருத்தெரியாமல் கரைந்துவிடும். பைக்கு ஆகாது என்று ஒதுக்கப்படும் அந்தக் குறையே இங்கே குணம். ஸ்பை துண்டுகளைச் சுற்றி, மெக்கின்டாஷ் தானாகவே பழக்குழம்பாகிப் படிந்துவிடுகிறது. பால்டுவின், ரோக்ஸ்பரி ரஸட், ரோட் ஐலண்ட் கிரீனிங் போன்ற பழைய ரகங்கள் கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஒரு காலத்தில் நியூ இங்கிலாந்து முழுக்கப் பரவியிருந்த பால்டுவின் மரங்கள் 1934-ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் பெருவாரியாகப் பட்டுப்போயின, இன்று தேடித்தான் வாங்க வேண்டும்.

தோலைச் சீவ வேண்டாம். நார்ச்சத்தில் கணிசமான பங்கும் குவர்செட்டின் போன்ற சத்துகளும் தோலில்தான் இருக்கின்றன. ஸ்பையின் தோல் மெல்லியது என்பதால் வெந்தபின் வாயில் தட்டுப்படாது. ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு நறுக்கினால் போதும்.

இப்போது இனிப்பு. இந்தப் பண்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நியூ இங்கிலாந்தில் சர்க்கரை விலை உயர்ந்த சரக்காக இருந்த காலத்தில், குடியானவர்கள் தங்கள் தோட்டத்து ஆப்பிளைப் பிழிந்து, அந்தச் சாற்றை வற்றக் காய்ச்சி வைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் சைடர் என்றால் பெரும்பாலும் புளிக்காத, வடிகட்டாத ஆப்பிள் சாறு. அதைக் காய்ச்சிய பாகுக்குப் பாயில்டு சைடர் என்று பெயர். பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டிப் பாகு எடுப்பது போன்ற வேலைதான், என்ன, இங்கே கட்டியாக்காமல் பாகிலேயே நிறுத்திவிடுகிறார்கள். வெர்மான்ட் மாநிலத்தில் வுட் குடும்பத்தார் 1882-இல் தொடங்கிய சைடர் ஆலை இந்தப் பாகுக்குப் பேர்போனது. ஏறக்குறைய ஏழு பங்கு சாறு வற்றி ஒரு பங்காகும். இன்னும் வற்றவிட்டால் கூழ்போல் உறைந்து சைடர் ஜெல்லி ஆகிவிடும். சர்க்கரையோ வேறு எதுவுமோ சேர்ப்பதில்லை. பழத்திலேயே இருக்கும் பெக்டினும் புளிப்பும் உறையவைத்துவிடுகின்றன.

வீட்டிலும் செய்யலாம். தெளிந்த பாக்கெட் சாறு உதவாது, கலங்கலான சைடர்தான் வேண்டும். நாலு லிட்டர் வாங்கி, அகலமான கனத்த எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தால் மதியம் முழுக்க ஓடிவிடும். புளிப்புச் சாறு என்பதால் அலுமினியம் கூடாது. முதல் மூன்று மணி நேரம் அவ்வப்போது நுரையை எடுப்பதைத் தவிர வேலை இல்லை. வீடு முழுக்க வேகவைத்த ஆப்பிளின் வாசம். பிறகு நிறம் மாறத் தொடங்கும்: முதலில் தேன் நிறம், அப்புறம் தேயிலை டிகாக்‌ஷன், கடைசியில் செம்மை கலந்த கருப்பு. கடைசி இருபது நிமிடம் பக்கத்திலேயே நிற்க வேண்டும். சின்னச் சின்னக் குமிழாகக் கொதித்தது பளபளக்கும் பெரிய குமிழிகளாக மாறி மேலே பொங்கும். கரண்டியில் எடுத்துக் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் கோடு இழுத்தால், கோடு ஒரு கணம் நின்று பிறகு மெதுவாகச் சேர வேண்டும். அதுதான் பதம். அதைத் தாண்டினால் அடி பிடிக்கும், கசப்பு தட்டும். நாலு லிட்டருக்கு அரை லிட்டரை ஒட்டிக் கிடைக்கும். குளிர்பெட்டியில் மாதக்கணக்கில் கெடாது.

அந்தப் பாகை நாக்கில் வைத்தால் தெரிகிற சங்கதி வேறு. சாற்றில் இருந்த இனிப்பு எத்தனை மடங்கு அடர்ந்ததோ, மாலிக் அமிலப் புளிப்பும் அதே அளவு அடர்ந்திருக்கும். வெறும் சர்க்கரை ஆப்பிளின் புளிப்பை அமுக்குகிறது. இந்தப் பாகு புளிப்பையும் கூட்டிக்கொண்டு இனிக்கிறது. அதனால் கொஞ்சம் போட்டாலே நிறைவாக இருக்கிறது. ஒரு கிலோ ஆப்பிளுக்குக் கால் கப் போதும். இதுவும் சர்க்கரைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. காய்ச்சி அடர்த்தியாக்கிய பழச்சாற்றின் இனிப்பையும் உலக சுகாதார நிறுவனம் குறைத்துக்கொள்ள வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்கிறது. ஆனால் இந்தக் கால் கப்பையும், மேல் உதிரிக்குப் போகும் மூன்று மேசைக்கரண்டி மேப்பிள் சிரப்பையும் கூட்டினால்கூட வழக்கமான கிரிஸ்ப்பின் சர்க்கரையில் பாதியைத் தொடாது.

மேப்பிள் சிரப்பும் வெர்மான்டின் சொத்துதான். ஏறக்குறைய நாற்பது பங்கு மரச்சாறு வற்றி ஒரு பங்கு சிரப் ஆகிறது. கறுத்த நிறத்துச் சிரப்பை வாங்குங்கள். வெளிர்நிறத்தது அப்பத்தின் மேல் ஊற்ற நல்லது, ஆனால் ஓவன் சூட்டில் அதன் மென்மணம் போய்விடும். வீகன் வழியில் கறாராக இருப்பவர்களுக்கு ஒரு சேதி: சாறு கொதித்துப் பொங்கும்போது நுரையை அடக்க ஒரு துளி வெண்ணெய் போடுவது பழைய காய்ச்சுக்காரர்களின் வழக்கம். இப்போது பலரும் தாவர எண்ணெய்க்கு மாறிவிட்டார்கள், என்றாலும் கேட்டு வாங்குவது நல்லது. அமெரிக்காவில் வெள்ளைக் கரும்புச் சர்க்கரையைச் சில ஆலைகள் எலும்புக்கரி கொண்டு சுத்திகரிப்பதால் அவர்கள் அதையும் தவிர்ப்பார்கள். இந்தக் கிரிஸ்ப்பில் அந்தக் கேள்வியே எழாது.

மேலே தூவும் உதிரிக்கு வருவோம். வெண்ணெய்க்கு இங்கே இரண்டு வேலை: கொழுப்பாகி ஓட்ஸைப் பூசுவது, அதிலுள்ள பால்சத்து சிவந்து முந்திரி வறுத்தது போன்ற வாசத்தைக் கொடுப்பது. இரண்டையும் பாதாம் செய்துவிடுகிறது. வறுத்து அரைத்த பாதாம் விழுதில் புரதமும் கொழுப்பும் இருக்கின்றன, மேப்பிளின் இனிப்போடு சேர்ந்து சூட்டில் சிவக்கும்போது எழும் மணம் வெண்ணெயை நினைவூட்டாது, ஆனால் அதற்குச் சற்றும் இளைத்ததல்ல. கால் கப் பாதாம் விழுதை மேப்பிளோடு குழைத்து, ஒரு கப் தட்டை ஓட்ஸ், அரைக் கப் பாதாம் மாவு, அரைக் கப் பொடித்த வால்நட் அல்லது பீக்கன், ஒரு சிட்டிகைக்குச் சற்று அதிகமான உப்பு சேர்த்து விரல் நுனியால் பிசிற வேண்டும். பிசையக் கூடாது, சில கட்டியாகவும் சில உதிரியாகவும் இருக்க வேண்டும். கொட்டைகளை வாணலியில் முன்பே வறுத்துக்கொள்ளுங்கள். உடனடி ஓட்ஸ் கூழாகிவிடும், வேண்டாம்.

பட்டை விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. அமெரிக்கக் கடைகளில் பட்டைத்தூள் என்று விற்பது பெரும்பாலும் காசியா. அது காரமாக முன்னால் வந்து நின்று ஆப்பிளை மறைத்துவிடும். இலங்கைக் கறுவா மென்மையானது, லேசான பூவாசம் கொண்டது, பழத்தின் பின்னால் நிற்கத் தெரிந்தது. கூமரின் என்ற பொருள் காசியாவில் அதிகம், கறுவாவில் மிகக் குறைவு என்பது கூடுதல் நன்மை.

சர்க்கரை குறைந்த உதிரிக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. ஆறியபின் இறுகி மொறுமொறுப்பைத் தாங்கிப் பிடிப்பது சர்க்கரைதான். அது குறையும்போது கீழிருந்து எழும் ஆவி உதிரியைச் சீக்கிரம் நமத்துப்போக வைக்கும். அதனால் இரண்டு கட்டமாகச் சுட வேண்டும். ஆப்பிளோடு சைடர் பாகு, எலுமிச்சைச் சாறு, பட்டைத்தூள் கலந்து, மூடி போட்டு, 175 டிகிரி செல்சியஸில் முதலில் இருபது நிமிடம். இந்த முதல் சூட்டுக்கு இன்னொரு பலனும் உண்டு: பழத்தின் உள்சூடு 60 முதல் 70 டிகிரிக்குள் மெதுவாக ஏறும்போது பெக்டின் இறுகிக்கொள்கிறது, பிறகு ஸ்பை துண்டுகள் எளிதில் உடைவதில்லை. அப்புறம் மூடியை எடுத்து, உதிரியைத் தூவி, ஓரங்களில் குழம்பு கொதித்துக் குமிழியிடும்வரை இன்னொரு அரை மணி நேரம்.

வெளியே எடுத்ததும் கரண்டியை நீட்டாதீர்கள். இருபது நிமிடம் ஆறினால்தான் குழம்பு கெட்டியாகும். ஐஸ்கிரீம் வழக்கம் உள்ளவர்கள் தேங்காய்ப்பால் ஐஸ்கிரீமைத் தேடுவார்கள். எனக்கு அதைவிட, ஊறவைத்த முந்திரியைக் கொஞ்சம் தண்ணீரும் உப்பும் விட்டு வழுவழுப்பாக அரைத்த விழுது போதும், இனிப்பு சேர்க்காமல். மீந்ததை மைக்ரோவேவில் சூடாக்கினால் உதிரி சொதசொதவென்றாகிவிடும். மறுபடி ஓவனில் பத்து நிமிடம் வைத்தால் மேல்பக்கம் மீண்டும் மொறுமொறுக்கும். காலைச் சாப்பாட்டுக்கே பரிமாறலாம், ஓட்ஸும் பழமும் கொட்டையும்தானே. நார்தர்ன் ஸ்பையைக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் மார்ச் வரைக்கும் தாங்கும் என்பதால், சைடர் பாகு ஒரு பாட்டில் கையிருப்பில் உள்ளவர்கள் பனிக்காலம் முழுக்க இதைச் செய்துகொள்ளலாம்.