தொட்டிலருகே எழுதியவர்கள்

சிறு பிள்ளைகளை வளர்க்கும் கிறிஸ்தவத் தாய்மாரைத் தேற்றவும் திடப்படுத்தவும் எழுதப்பட்ட நூல்களுக்குக் குறைந்தது ஆயிரத்து நூற்றெண்பது ஆண்டு வரலாறு உண்டு. இன்றைய பிரசங்கங்களும் தியான நூல்களும் அந்த வரலாற்றை ஒரே காட்சியாகச் சுருக்கிவிட்டன. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். இங்கிலாந்தின் எப்வொர்த் என்னும் சிற்றூர். அங்குள்ள குருமனையில் ஜான் வெஸ்லியின் தாய் சுசன்னா வெஸ்லி தன் ஏப்ரனைத் தலைக்குமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு ஜெபிக்கிறார். சுற்றிலும் பிள்ளைகள் மூச்சுக் காட்டாமல் காத்திருக்கிறார்கள். பத்தொன்பது பெற்றவருக்கே ஜெபிக்க நேரம் கிடைத்தது, இரண்டு பெற்ற தாய் சாக்குச் சொல்லலாமா என்பது இதிலிருந்து எடுக்கப்படும் பாடம். இது வரலாற்றுக்கும் பொருந்தாது, இராத் தூக்கம் கெட்ட ஒரு தாய்க்கு ஆறுதலும் ஆகாது. இந்தத் துறையின் நல்ல நூல்கள் வேறு விதமானவை.

வேதாகமத் தாய்மாரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அன்னாள் வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டை தைத்துச் சாமுவேலுக்குக் கொண்டுபோனாள் என்னும் செய்தி ஒரு வசனத்தில் முடிந்துவிடுகிறது. பிரிந்திருக்கும் பிள்ளையின் வளர்த்தியை மனதிலேயே அளந்து தைத்த தாயை அதற்குமேல் விளக்க வேண்டியதுமில்லை. லோவிசாளும் ஐனிக்கேயாளும் தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய கடிதத்தில் பெயரளவில் வருகிறார்கள். நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்துக் குணசாலியான ஸ்திரீயைத் தாய்மாருக்கு அளவுகோலாக நீட்டுகிறவர்கள் 15-ஆம் வசனத்தில் அவளுடைய வேலைக்காரிகள் இருப்பதைக் கவனிப்பதில்லை. மகனுக்காகக் கண்ணீர் விட்டு, 387-இல் ஒஸ்தியாவில் இறந்த மோனிக்காவை நாம் அறிவது மகன் அகுஸ்தீன் எழுதியதால்தான். இவர்களெல்லாம் பிறர் சொல்லக் கேட்ட தாய்மார்.

தாயே எழுதிய முதல் பெரிய நூல் துவோடாவுடையது. தென் பிரான்சின் உசேஸ் நகரில் 841 நவம்பர் இறுதியில் தொடங்கி 843 பிப்ரவரியில் இவர் லத்தீனில் எழுதி முடித்த கையேட்டை இடைக்கால ஆய்வாளர்கள் போற்றுகிறார்கள். தேவாலயங்களில் அவர் பெயர் காதில் விழுவதே இல்லை. அவருடைய கணவர் பெர்னார்ட் பெரும் பிரபு. அரசுரிமைச் சண்டையில் தன் விசுவாசத்தை மெய்ப்பிக்க, பதினான்கு வயது மூத்த மகன் வில்லியமை அரசர் சார்லஸின் அரண்மனைக்குப் பிணையாக அனுப்பினார். 841 மார்ச்சில் பிறந்த இளைய மகனையும், ஞானஸ்நானம் கொடுக்கப்படுவதற்கு முன்பே, ஆட்களை விட்டுத் தாயிடமிருந்து எடுத்துக்கொண்டார். தான் பெற்ற பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதே துவோடாவுக்குத் தெரியாது. பெயரில்லாமலேயே அந்தப் பிள்ளையைக் குறிப்பிட்டு, தம்பி பேசவும் வாசிக்கவும் பழகியதும் இந்த நூலை அவனுக்கும் காட்டு என்று மூத்தவனிடம் கேட்டுக்கொள்கிறார்.

கடவுளை நேசிப்பது, தகப்பனை மதிப்பது, ஏழைக்குக் கொடுப்பது, சங்கீதங்களை எந்த வேளைக்கு எப்படி ஜெபிப்பது என்று நூல் போகிறது. ஊடே வீட்டுக் கணக்கும் வருகிறது. கணவரின் காரியங்களுக்காகக் கிறிஸ்தவரிடமும் யூதரிடமும் கடன் வாங்கியிருப்பதாகவும், தான் தீர்க்காமல் இறந்துவிட்டால் மகன் தீர்க்க வேண்டும் என்றும் எழுதுகிறார். தன் நோயை மறைக்கவில்லை. தன் கல்லறைக்கான வரிகளையும் தானே எழுதிவைக்கிறார். விசுவாசமும் கடனும் உடல்நோவும் பிள்ளையைப் பிரிந்த வேதனையும் ஒரே ஏட்டில் கிடக்கின்றன. எதையும் சமயத்துக்குப் புறம்பானது என்று அவர் தள்ளவில்லை. 844-இல் கணவருக்கும் அடுத்த சில ஆண்டுகளில் வில்லியமுக்கும் மரணதண்டனை நிறைவேறியது. அந்தப் புத்திமதிகளால் மகன் உயிர் பிழைக்கவில்லை. அதனால் அவற்றின் மதிப்பு ஒரு குன்றிமணியும் குறைந்துவிடாது. பிள்ளை நன்றாக வந்தால்தான் தாயின் விசுவாசம் மெய் என்று கணக்குப் பார்ப்பவர்கள் துவோடாவைப் படிக்க வேண்டும்.

கன்னிமைக்கே முதலிடம் தந்த இடைக்காலத்தைக் கடந்து சீர்திருத்தக் காலத்துக்கு வந்தால், லூத்தர் 1522-இல் எழுதிய திருமண நூலில், விசுவாசத்தோடு பிள்ளையின் அழுக்குத் துணியை அலசும் தகப்பனைப் பார்த்துக் கடவுள் தம் தூதர்களோடு மகிழ்வதாகச் சொல்கிறார். பிள்ளை வளர்ப்பைப் பரிசுத்தமான வேலை என்று இவ்வளவு துணிச்சலாக முன்பு சொன்னவர்கள் குறைவு. அதைத் தகப்பன் தலையில் வைத்தது இன்னும் துணிச்சல். அவருக்குப் பின் வந்த போதகர்கள் அலசுவதைத் தாயிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தாய் விட்டுச்செல்லும் புத்திமதி தனி நூல்வகையாயிற்று. விதவையான டோரதி லீ தன் மூன்று மகன்களுக்கு எழுதி 1616-இல் வெளிவந்த நூல் பல பதிப்புகள் கண்டது. எலிசபெத் ஜாஸ்லினின் நூல் மனதை உலுக்குவது. வயிற்றில் பிள்ளை முதன்முதல் அசைந்ததை உணர்ந்ததும் யாருக்கும் தெரியாமல் தனக்குச் சவத்துணி வாங்கிவைத்தார். பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதத் தொடங்கினார். 1622 அக்டோபரில் மகள் பிறந்தாள். ஒன்பதாம் நாள் தாய் இறந்தார். கடிதம் 1624-இல் அச்சேறியது. பிள்ளை பெண்ணாக இருந்தால் வேதமும் வீட்டு வேலையும் எழுத்தும் போதும் என்று எழுதியிருப்பது வருத்தம் தருகிறது. ஆனாலும் பேறுகால பயத்தை அடக்கிப் பேசாமல் பயமாகவே எழுதியவர் அவர். அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் எட்டுப் பிள்ளைகளைப் பெற்ற ஆன் பிராட்ஸ்ட்ரீட்டும் பிரசவத்துக்கு முன் தன் சாவை நினைத்துக் கணவருக்குக் கவிதை எழுதினார்.

சுசன்னாவின் கதை இங்கே வர வேண்டும். அவர் பெற்ற பத்தொன்பதில் ஒன்பது பிள்ளைகள் குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோயின. 1705 தேர்தல் கலவரத்தின்போது, இரவெல்லாம் கூச்சலால் தூங்காத செவிலி அயர்ந்து புரண்டதில் அடியில் கிடந்த கைக்குழந்தை மூச்சுத் திணறி இறந்தது. அதே ஆண்டு கணவர் சாமுவேல் கடனுக்காகச் சிறை சென்றார். வறுமை இருந்தும் வீட்டில் பணிப்பெண்கள் இருந்தார்கள். 1709-இல் வீடு தீப்பற்றியபோது குழந்தை சார்லஸைத் தூக்கிக்கொண்டு ஓடியது ஒரு பணிப்பெண். மகன் ஜான் கேட்டதற்கிணங்க 1732 ஜூலை 24 அன்று சுசன்னா எழுதிய கடிதம் அவருடைய வளர்ப்பு முறையை விரிவாகச் சொல்கிறது. ஒரு வயதிலேயே பிரம்புக்குப் பயந்து மெதுவாக அழப் பழக்குவது, ஐந்து வயது நிறைந்ததும் ஒரே நாளில் எழுத்துகளைக் கற்பிப்பது, பிள்ளையின் சுயசித்தத்தை முதலில் அடக்குவது ஆகியவை அதில் உள்ளன. ஏப்ரன் இல்லை.

சுசன்னாவின் வாழ்க்கையில் தமிழ் வாசகர் அறிய வேண்டியது 1712 பிப்ரவரி 6 அன்று கணவருக்கு அவர் எழுதிய கடிதம். சாமுவேல் லண்டனில் இருந்த நாட்களில் மகள் எமிலி தகப்பனின் அறையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வந்து தாய்க்குக் கொடுத்தாள். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, புளுட்சோ ஆகிய, டேனிஷ் அரசர் அனுப்பிய மிஷனரிகளின் வரலாறு அது. தமிழ்க் கரையில் அவர்கள் பட்ட பாட்டைப் படித்த சுசன்னாவின் மனம் நாட்கணக்கில் ஓயவில்லை. தான் ஆணுமல்ல, குருவுமல்ல. ஆனாலும் தன் பிள்ளைகளிடம் இன்னும் நெருங்கிப் பேசலாமே என்று தோன்றியது. ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளைக்கு என்று முறை வைத்தார். திங்கள் மோலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, எட்டு வயது ஜானுக்கு வியாழன். அயல்வீட்டார் சேரச் சேர, ஞாயிறு மாலை வீட்டு ஜெபத்துக்கு இருநூறு பேர்வரை கூடினார்கள். உதவிக் குரு எதிர்த்தும் அவர் நிறுத்தவில்லை. பிள்ளைகளை விலக்கி வைத்து ஜெபித்தவர் என்னும் கதையைவிட, ஒரு பிள்ளையை அருகே இருத்திப் பேசிய இந்த மாலைகள் ஆயிரம் மடங்கு மேலானவை. தமிழ்ச் சபைகள் சொல்ல வேண்டியது இதை.

அமெரிக்காவில் போதகர் ஜொனத்தன் எட்வர்ட்ஸின் மகள் எஸ்தர் பர் 1754 முதல் 1757 வரை தன் தோழிக்கு நாட்குறிப்பாகவே கடிதம் எழுதினார். பிள்ளை அழுகிறது, எழுத நேரமில்லை என்று பாதியில் நிற்கும் பக்கங்கள் அதில் பல. இரண்டு சிறு பிள்ளைகளை விட்டு 1758-இல் இறந்தபோது வயது இருபத்தாறு. நாட்குறிப்பு முழுமையாக அச்சில் வந்தது 1984-இல்தான்.

19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் துறை இரண்டாகப் பிரிந்தது. இன்றைய மேய்ன் மாநிலத்துப் போர்ட்லண்டில் 1815-இல், போதகர் எட்வர்ட் பெய்சனின் மனைவி தாய்மாரைக் கூட்டி ஒருவர் பிள்ளைக்காக ஒருவர் ஜெபிக்கும் சங்கம் தொடங்கினார். இத்தகைய சங்கங்கள் விரைவில் பல ஊர்களுக்குப் பரவின. மறுபக்கம் சித்தத்தை உடைக்கும் போதனை. அதன் உச்சம் 1831-இல் ஒரு பாப்டிஸ்ட் பத்திரிகையில் வந்தது. பிரவுன் பல்கலைக்கழகத் தலைவர் பிரான்சிஸ் வேலண்ட் தன் பெயரைப் போடாமல் எழுதியது அது. தன் கையிலிருந்து ரொட்டி வாங்க மறுத்த பதினைந்து மாத மகனைத் தனியறையில் பட்டினி போட்டு, மறுநாள்வரை காத்து, பணியவைத்த கதையைப் பக்தியின் வெற்றியாக எழுதியிருக்கிறார். பால்குடி மறக்கும் வயதுப் பிள்ளை. இதைக் கொடுமை என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. போதகர் ஜான் ஆபட் 1833-இல் வெளியிட்டுப் புகழ்பெற்ற தாய்மார் நூல் வேலண்டைவிட மென்மையானது; ஆயினும் பிள்ளையின் கதி முழுதும் தாயின் கையில் என்ற தாங்க முடியாத சுமையை ஏற்றியது. ஹோரஸ் புஷ்னெல் 1847-இல்தான் இதற்கு மாற்றுச் சொன்னார்: பிள்ளை பாவியாக வளர்ந்து ஒரு நாள் திடீரென மனந்திரும்ப வேண்டியதில்லை, அன்பான வீட்டின் காற்றிலேயே விசுவாசியாக வளரலாம்.

போர்ட்லண்ட் சங்கத்தைத் தொடங்கிய அந்தத் தாயின் மகள் எலிசபெத் பிரெண்டிஸ். இத்துறையின் தலைசிறந்த எழுத்தாளர் அவர்தான். 1818-இல் பிறந்து 1878-இல் இறந்தார். போதகரின் மனைவி, வாழ்நாள் முழுதும் தூக்கமின்மையால் அவதிப்பட்டவர். 1852 ஜனவரியில் மூன்று வயது மகன் எடி இறந்தான். ஏப்ரலில் பிறந்த மகள் பெஸ்ஸி மே மாதத்திலேயே போய்விட்டாள். அடுத்த ஆண்டே சிறு பிள்ளைகளுக்கான கதைப்புத்தகத்தை வெளியிட்டார். 1869-இல் வந்த ‘ஸ்டெப்பிங் ஹெவன்வர்ட்’ அவருடைய பெரிய படைப்பு. கேத்தரின் என்னும் பெண் பதினாறாம் பிறந்தநாளில் தொடங்கும் நாட்குறிப்பாக நாவல் விரிகிறது.

கேத்தரினுக்கு முன்கோபம். முதல் பக்கங்களிலேயே தன் சோம்பலையும் சுருக்கென்ற பேச்சையும் ஒப்புக்கொள்கிறாள். மருத்துவர் ஒருவரை மணக்கிறாள். அவர் அவளைக் கலந்துகொள்ளாமலே தன் தகப்பனையும் சகோதரியையும் வீட்டோடு அழைத்துவந்துவிடுகிறார். எந்நேரமும் முகம் வாடிய மாமனார், குறை கண்டுபிடிக்கும் நாத்தனார், மாமனாரின் கடனைச் சுமக்கும் கணவர், வரிசையாகப் பிள்ளைகள். தமிழ்ப் பெண்களுக்கு அந்த வீடு புதிதே அல்ல. அவள் சீறுகிறாள், வருந்துகிறாள், மறுபடி சீறுகிறாள். நாட்குறிப்பில் வாரங்களும் மாதங்களும் விட்டுப்போகின்றன. பிள்ளை பெற்றவளுக்கு எழுத நேரம் எங்கே கிடைக்கும் என்பதை அந்த இடைவெளிகளே காட்டுகின்றன. முதல் மகன் இறக்கும் பக்கங்களில் பிரெண்டிஸ் பிரசங்கம் செய்யவில்லை. எடியைப் புதைத்த கையால் எழுதுகிறார். பரிசுத்தம் என்பது அழுகிற பிள்ளையிடமும் பிடிக்காத மாமனாரிடமும் மெதுவாகக் கற்க வேண்டியது என்று நாவல் பொறுமையாகச் சொல்கிறது. நோயையும் துயரத்தையும் கடவுளின் பள்ளிக்கூடமாக மட்டுமே பார்ப்பது அதன் குறை; வாய் திறந்து உதவி கேட்க வேண்டிய இடத்திலும் கேத்தரின் பணிந்துபோகிறாள். குறையோடு சேர்த்தும் இதற்கு நிகரான நாவல் இவ்வகையில் இல்லை.

1876-இல் ஹாம்ப்ஷயரில் மேரி சம்னர் தொடங்கிய மதர்ஸ் யூனியன் உலகெங்கும் பரவியது. முதல் கூட்டத்தில் பேச நாவெழாமல், வந்த பெண்களை அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பியவர் அவர். அந்தக் கூச்சத்திலேயே தாய்மாரின் மீது உண்மையான மரியாதை தெரிகிறது. பின்னாளில் விவாகரத்தான பெண்களுக்கு நெடுங்காலம் கதவடைத்தது அச்சங்கத்தின் பெரும் பிழை. அதே நூற்றாண்டில் குரு ஜான் தேவசகாயத்தின் மகளும், சென்னை சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயக் குருவின் மனைவியுமான அன்னா சத்தியநாதன் ‘நல்ல தாய்’ என்னும் சிறு நூலைத் தமிழில் எழுதினார். இவருடைய மருமகளும் ஆங்கில நாவலாசிரியையுமான கிருபாபாயை ஆய்வாளர்கள் அறிவார்கள். மாமியாரின் தமிழ் நூலைப் பேசுவோர் மிகக் குறைவு.

20-ஆம் நூற்றாண்டில் பழைய பிளவு திரும்பியது. உளவியலாளர் ஜேம்ஸ் டாப்சனின் 1970 நூல் அடித்து வளர்ப்பதற்கு மறுபடி மரியாதை தேடித் தந்தது. 1978-இல் வந்த அடுத்த நூல், அடங்காத தன் சிறு நாயைப் பெல்ட்டால் அடித்துப் பணியவைத்த கதையிலிருந்து பிள்ளை வளர்ப்புக்குப் போகிறது. இத்தகைய நூல்களின் விற்பனை பெரிது, வெளிச்சம் சிறிது. 1973-இல் கொலராடோவின் வீட் ரிட்ஜில் பள்ளிக்குப் போகாத வயதுப் பிள்ளைகளின் தாய்மார் தொடங்கிய குழு போர்ட்லண்ட் வழியில் வந்தது. தாய்மார் கூடிப் பேசும் நேரத்தில் பிள்ளைகளை வேறு ஆட்கள் பார்த்துக்கொள்வது அதன் முறை. இடுப்புப் பிள்ளையை ஒரு மணி நேரம் வாங்கிக்கொள்ளும் சபை, பத்துத் தியான நூல்களைவிடத் தாயை அதிகம் திடப்படுத்துகிறது. 2010-களில் குவிந்த ஆங்கில நூல்கள் களைப்பை ஒப்புக்கொள்ளப் பழகியிருக்கின்றன, அது நல்லது. ஆனால் பலவற்றில் தாயின் துக்கம் இரண்டு பக்கத்தில் நன்றியாக மாறிவிடுகிறது. துவோடாவும் பிரெண்டிஸும் அவ்வளவு அவசரப்படவில்லை.

தமிழில் இத்துறை இன்னும் மேடையிலிருந்து கீழ்நோக்கிப் பேசும் துறையாகவே இருக்கிறது. பிரெண்டிஸின் நாவலும் துவோடாவின் கையேடும் நல்ல தமிழில் வர வேண்டும். ‘நல்ல தாய்’ ஒவ்வொரு ஆலய நூலகத்திலும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். திருமண்டலப் பத்திரிகைகளும் பெண்கள் ஐக்கிய சங்கங்களும் தாய்மாருக்கான பக்கத்தை எழுதப் போதகரைக் கேட்பதை விட்டு, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு நாலு வரி எழுதக்கூடிய தாய்மாரையே கேட்கட்டும். வந்த வரிகளைத் திருத்திப் பக்தியாக்காமல் வந்தபடியே அச்சிடட்டும்.