முதல் அறிவிப்புக்குப் பிறகு

1969இல் கோபன்ஹேகனிலிருந்து ஒரு சிறிய நூல் வெளிவந்தது. சிந்துவெளி எழுத்தைப் படிக்கும் வழி கிடைத்துவிட்டது, அந்த எழுத்துக்குப் பின்னால் உள்ள மொழி தொல்திராவிடம் என்று அறிவித்தது. எழுதியவர்கள் நான்கு பின்லாந்துக்காரர்கள். அஸ்கோ பர்போலா வேதங்களும் சமஸ்கிருதமும் பயின்றவர். அவர் தம்பி சிமோ அசீரிய மொழி ஆய்வாளர். செப்போ கோஸ்கென்னியெமி கணினித் துறையில் வேலை பார்த்தவர். பென்ட்டி ஆல்ட்டோ மட்டுமே அவர்களில் மூத்த பேராசிரியர். பர்போலா சகோதரர்கள் இருவரும் அப்போது முப்பதைத் தொடவில்லை.

அந்த அறிவிப்பு நிற்கவில்லை. திராவிட மொழிகளை நன்கறிந்த அறிஞர்கள் அதன் வாசிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, இங்கே ஊகம் அதிகம், இங்கே ஆதாரம் இல்லை என்று காட்டினார்கள். ஆனால் அதே குழு கணினியில் தொகுத்த குறியீட்டு அடைவு 1973இல் வந்தது, பயன்பட்டது. முத்திரைகளின் படத்தொகுதி 1987இல் இந்திய ஆய்வாளருடனும் 1991இல் பாகிஸ்தான் ஆய்வாளருடனும் சேர்ந்து வெளியானது. 1994இல் பர்போலா எழுதிய பெருநூலில் பழைய துணிச்சலின் இடத்தில் நிதானம் இருந்தது. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டில் தமிழ்நாடு அவருக்கு விருது கொடுத்தபோது, அதை 1969இல் சொன்னதற்கான பரிசாக நான் பார்க்கவில்லை. அதற்குப் பின் நாற்பது ஆண்டுகள் அவர் அதே கேள்விக்கான விடையை விடாமல் திருத்திக்கொண்டிருந்ததற்கான பரிசாகவே பார்க்கிறேன்.

அந்த நாற்பது ஆண்டுகளில் பெரும்பகுதியை அவருக்குத் தந்தது ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் கிடைத்த நிலையான வேலை. இளம் வயதில் துறைகளின் வேலியைத் தாண்டிச் செய்யும் ஆய்வைப் பற்றி நான் சொல்ல விரும்புவது இதுதான். துணிச்சல் இளமையில் வரும். அந்தத் துணிச்சலின் பிழையை அதே ஆள் கண்டுபிடித்துத் திருத்தக் காலம் வேண்டும். இன்றைய ஐரோப்பா முன்னதற்குத் தாராளமாகப் பணம் கொடுக்கிறது. பின்னதற்குக் கொடுப்பதில்லை.

தமிழுக்கு இந்தப் பணத்தால் நிறையக் கிடைத்திருக்கிறது. ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நல்கையில், ஏவா வில்டன் தலைமையில் 2014 முதல் ஹம்பர்க்கையும் புதுச்சேரியையும் இணைத்து நடந்த நெட்தமிழ் திட்டம் சுவடிகளையும் உரைமரபையும் ஆராய்ந்தது. 2019இல் பாரிஸ், பெர்லின், நேப்பிள்ஸ் ஆய்வாளர்கள் சேர்ந்து தொடங்கிய தர்மா திட்டம் தமிழ்க் கல்வெட்டுகளையும் ஜாவா, கம்போடியக் கல்வெட்டுகளையும் ஒரே கணினிக் குறியீட்டு முறைக்குள் கொண்டுவந்து எவரும் எடுத்துப் படிக்கும்படி வைத்தது. இவற்றில் அன்றாட வேலையைச் செய்தவர்களில் பலர் முனைவர் பட்டம் முடிக்கும் நிலையிலோ அப்போதுதான் முடித்த நிலையிலோ இருந்தவர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை, ஹம்பர்க்கில் ஜொவான்னி சொட்டியும் பொலோஞ்ஞாவைச் சேர்ந்த மார்க்கோ ஃப்ராஞ்செஸ்கினியும் ஓலைச்சுவடிகளின் கடைசி வரிகளைப் பற்றிச் செய்தது. ஏட்டை எழுதி முடித்தவர் இறுதியில் இன்ன வருஷம், இன்ன மாதம், இன்ன கிழமை, இன்ன நட்சத்திரத்தில் எழுதி முடிந்தது என்று குறித்திருப்பார். அந்த வருஷம் பெரும்பாலும் பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபதில் ஒன்று. அறுபது ஆண்டுக்கொருமுறை அதே பெயர் திரும்ப வரும். ஆகவே பெயரை மட்டும் வைத்து ஏடு 1760ஐச் சேர்ந்ததா 1820ஐச் சேர்ந்ததா என்று சொல்ல முடியாது. ஆனால் குறிப்பிட்ட மாதத் தேதியில் குறிப்பிட்ட கிழமையும் திதியும் நட்சத்திரமும் ஒன்றாக விழுவது எல்லாச் சுற்றிலும் நடக்காது. வானியல் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பொருந்தாத ஆண்டுகள் கழிந்து, பல ஏடுகளுக்குத் துல்லியமான நாளே கிடைத்துவிடுகிறது. பஞ்சாங்கக் கணிப்பு, எழுத்து வடிவ அறிவு, சுவடிப் பதிப்பு ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் இது நடந்திருக்காது. காலம் தெரியாமல் கிடந்த ஏடுகள் வரலாற்றுக்குள் வந்து உட்கார்ந்தன. இதில் எந்தத் துறையும் இன்னொன்றுக்குப் பின்னணி அலங்காரமாக நிற்கவில்லை என்பதே இதன் வலிமை.

இதற்கு எதிர்ப்புறத்தில் 2018ஐ வைக்கலாம். அந்த மார்ச் மாதம் இங்கே அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷன் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில், தமிழுக்கு வயது 4500 என்று ஜெர்மன் விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டதாக ஒரு செய்தி சுற்றியது. அதன் மூலக்கட்டுரை ராயல் சொசைட்டியின் திறந்த இதழொன்றில் வந்தது. முதல் ஆசிரியர் விஷ்ணுப்ரியா கோலிபாகம் தேராதூன் வனவுயிர் நிறுவனத்தைச் சேர்ந்தவர். அன்னெமரி வெர்கெர்க் யேனாவில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் இருந்தவர். உப்சாலா, பிரிஸ்டல் ஆய்வாளர்களும் உடன் இருந்தார்கள். உயிரினங்களின் மரபுத் தொடர்பை வரைய உயிரியலார் பயன்படுத்தும் புள்ளியியல் முறையைத் திராவிட மொழிகள் இருபதின் அடிப்படைச் சொற்களுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். நம் கண், தெலுங்கில் கன்னு, குடுக் மொழியில் கன், பலுசிஸ்தானின் பிராகூயி மொழியிலும் கிட்டத்தட்ட அதே ஒலி. இவை ஓரினச் சொற்கள். நாய்க்கோ கன்னடத்தில் நாயி, தெலுங்கில் குக்க. இப்படி எது ஓரினம், எது வேறு என்று குறித்துக்கொண்டு கிளை பிரிந்த காலத்தைக் கணக்கிடுகிறார்கள். வந்த விடை, திராவிடக் குடும்பம் ஏறத்தாழ 4500 ஆண்டுப் பழமை உடையது என்பது.

குடும்பத்தின் வயது அது. தமிழின் வயது அல்ல. பெரிய கிளைகள் தமக்குள் எப்படி உறவு என்பதில் ஐயம் மிகுதி என்று கட்டுரையின் சுருக்கத்திலேயே ஆசிரியர்கள் எழுதியிருந்தார்கள். கணக்கின் பிழைவரம்பும் ஆயிரமாண்டு அளவில் அகன்றது. செய்தியில் இவை எதுவும் வரவில்லை. இதற்கு ஆசிரியர்களைக் குறைசொல்வது நியாயமாகாது. சொற்களைப் பழைய அகராதியிலிருந்து எடுக்காமல், பேசுவோரிடம் நேரில் கேட்டுத் தொகுத்தார்கள். அது பெரிய உழைப்பு. ஆனால் அந்தப் பலமே ஒரு குறையையும் கொண்டுவருகிறது. இன்றைய பேச்சுச் சொற்களே கணக்குக்கு அடித்தளமாகும்போது, தமிழ் இரண்டாயிரம் ஆண்டாக எழுதிச் சேர்த்த சான்று ஓரத்துக்குப் போகிறது. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி போன்ற நூற்றாண்டு உழைப்போடு இந்தக் கணிப்பு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முரண்படுகிறது என்று உட்கார்ந்து விவாதிக்க, இரண்டையும் அறிந்தவர்கள் பத்துப் பேராவது வேண்டும்.

அந்தப் பத்துப் பேர்தான் குறைந்துவருகிறார்கள். துறையிடை ஆய்வின் ஆழமான குறை இங்கே இருக்கிறது. புள்ளியியலைப் புள்ளியியலார் சரிபார்க்கிறார்கள், மொழியியலை மொழியியலார் சரிபார்க்கிறார்கள். இரண்டும் சேரும் இடத்தை முழுதாகச் சரிபார்க்க யாரும் இல்லை. 1969 அறிவிப்பைத் திராவிட அறிஞர்கள் உடனே மறுத்தார்கள் என்பதை நான் அந்தக் காலத்தின் செல்வமாகப் பார்க்கிறேன். இன்று ஐரோப்பாவில் தமிழை முழுநேரமாகக் கற்பிக்கும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கொலோன் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை மூடும் நிலைக்கு வந்து, தமிழ்நாடு அரசும் வெளிநாட்டுத் தமிழர்களும் கைகொடுக்க வேண்டியிருந்தது.

சட்டமும் நல்கை விதிகளும் இந்தக் குறைவை வேகப்படுத்துகின்றன. ஜெர்மனியில் முனைவர் பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டு, பின் ஆறு ஆண்டு, அதற்குமேல் பொதுவாகத் தற்காலிக ஒப்பந்தம் கிடையாது. நிரந்தரப் பணியிடமோ மிகக் குறைவு. ஆய்வு அமைச்சகம் இந்தச் சட்டத்தை விளக்க ஹன்னா என்றொரு கற்பனை ஆய்வாளரை வைத்து முன்பே போட்டிருந்த காணொளி 2021இல் கவனத்துக்கு வந்தபோது, ஆயிரக்கணக்கானோர் நானும் ஹன்னாதான் என்று எழுதினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி கியூரி நல்கை பெற, போகும் நாட்டில் கடந்த மூன்று ஆண்டில் பன்னிரண்டு மாதத்துக்குமேல் வசித்திருக்கக் கூடாது. புதிய அறிவை நாடு விட்டு நாடு கொண்டுபோக இது உதவுகிறது என்பது உண்மை. ஆனால் மூன்று நாட்டில் வாழ்ந்து முப்பத்தெட்டு வயதில் வேலையற்று நிற்கும் ஒருவரோடு கிரந்த எழுத்தைப் படிக்கும் திறனும் வெளியேறிவிடுகிறது. இங்கே எச்-1பி விசாவின் கடைசித் தேதியைப் பார்த்துக்கொண்டே வீடு வாங்குவதைத் தள்ளிப்போடும் குடும்பங்களுக்கு அந்த மனநிலையை விளக்க வேண்டியதில்லை.

புதுச்சேரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1984 முதல் அங்குள்ள பிரெஞ்சு நிறுவனம் தேவாரப் பதிப்பை வெளியிட்டபோது, பதிப்பாசிரியர் டி.வி. கோபாலய்யர் பெயர் முகப்பிலேயே இருந்தது. ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் இன்றைய நல்கைகள் பெரும்பாலானவற்றில் தலைமை ஆய்வாளர் தம் பணிநேரத்தில் பாதியையேனும் ஐரோப்பாவில் செலவிட வேண்டும். பாடத்தை மற்றெவரையும்விட நன்றாகப் படிக்கத் தெரிந்த தமிழ்நாட்டுப் புலவருக்கு இதனால் தலைமை இடம் எட்டாது. அவர் உதவியாளர், ஆலோசகர், நன்றியுரையில் ஒரு பெயர். உ.வே. சாமிநாதையர் 1887இல் சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்ப் பாடம் கேட்டார். தமிழுக்குத் துறை தாண்டிய படிப்பு புதிதல்ல. கேட்க வந்தவர் முன், பாடம் அறிந்தவரே ஆசிரியராக அமர்ந்தார் என்பதுதான் அன்று இருந்த ஒழுங்கு.

அமெரிக்கத் தமிழர்களாகிய நாம் ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் சேர்த்தோம். அதற்கு முன் பெர்க்கிலிக்கும், பின்னர் ஹூஸ்டனுக்கும் கொடுத்தோம். இருக்கை நிரந்தரம், அது பெரிய நன்மை. ஆனால் ஓர் இருக்கை ஒரு பேராசிரியரைத்தான் உட்கார வைக்கும். ஐரோப்பாவின் திட்டம் முடிந்த மறுநாள் அந்தக் கல்வெட்டுத் தரவைப் பராமரிக்கவோ, சுவடித் தேதிகளின் பட்டியலைத் தொடரவோ அந்த இருக்கையிடம் ஆள் இருக்காது. அடுத்த நிதி திரட்டலில் ஒரு பங்கை, திட்டம் முடிந்த இளம் ஆய்வாளர் அதே தரவோடு இன்னும் ஐந்து ஆண்டு இருப்பதற்காக ஒதுக்கலாம். புதுச்சேரியில் அல்லது தஞ்சையில் இருக்கும் ஒரு புலவரைத் தலைமை ஆய்வாளராகக் கொண்டு, ஐரோப்பியர் அவரிடம் வந்து சேரும்படியான நல்கையை நாம் உண்டாக்கலாம். ஐரோப்பிய மன்றத்தின் விதி நம்மைக் கட்டாது.

அதற்கு இரண்டு நிபந்தனைகளை முன்வைப்பேன். தரவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். முடிவு தமிழிலும் எழுதப்பட வேண்டும், அதுவும் ஆய்வாளர் தமக்குள்ள ஐயங்களைச் சொல்லும் பகுதியோடு சேர்த்து. 2018இல் நம் கைப்பேசிகளுக்கு வந்துசேராமல் போனது அந்தப் பகுதிதான்.